மூலையில் ஒன்று குறைகிறது

ஓகஸ்ட் 7, திங்கள்

நித்திரை வராவிட்டால் மனதில் கிடப்பதை எழுதி வையுங்கள் என்று கவுன்சலிங் பிள்ளை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இருபத்திரண்டு வயது இருக்கும் அவளுக்கு. "எனக்கு நித்திரை நல்லா வருது, எழும்பத்தான் மனமில்லை" என்றேன். "அதையும் எழுதுங்கோ அக்கா" என்றாள். என் கணவரைப் பற்றியும் எழுதட்டாம். அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எட்டு வருசமாகத் தகவல் இல்லை, அவ்வளவுதான். வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

மிதிவெடி அகற்றும் வேலை. விடிய எழும்பிப் புட்டு அவித்து, மகள் டிலக்சிகாவைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, வாகனத்தில் ஏறினால் ஏழு மணிக்குக் காணியில் முழங்காலில் நிற்க வேண்டும். முகத்துக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குக் கல்லுக் கட்டினது போல ஒரு அங்கி. ஒரு மீற்றர் அகலத்துக்குக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றுக்குள் மட்டும் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னுக்குப் போவது. முடித்த பக்கத்துக்கு வெள்ளைக் கட்டை, முடிக்காத பக்கத்துக்குச் சிவப்புக் கட்டை. இந்த வேலையில் பிழை விட்டுப் பழக முடியாது. இரண்டாம் முறை பிழை விடக் கால் இருக்காது.

இப்போது செய்கிற காணி நாகேஸ்வரி அக்காவுடையது. இடிந்த வீட்டுச் சுவர் ஒன்று நிற்கிறது. அந்தச் சுவர் மூலையில் யாரோ பங்கர்க் குழி வெட்டி, அதற்கு முன்னால் வடக்கேயும் கிழக்கேயும் மிதிவெடி புதைத்திருக்கிறார்கள். யார் என்று நான் எழுதப் போவதில்லை. இரண்டு பகுதியும் புதைத்தார்கள், நாங்கள் இரண்டையும் கிண்டுகிறோம்.

நாகேஸ்வரி அக்கா அகதி முகாமிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து காணிக்கு முன்னால், தெருவோரம், தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார். ஐந்து வருசம். மகன் நிதர்சன் வரும்போது வீடு இருக்க வேண்டும் என்பது அவருடைய பேச்சு. பதினேழு வயதில் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போன பிள்ளை. இன்றைக்கு இருந்தால் இருபத்தைந்து. இருந்தால் என்று அவருக்கு முன்னால் சொல்லக்கூடாது. "என்ர காணியை எப்ப தருவியள்?" என்பதுதான் நாங்கள் வாகனத்தால் இறங்க முதல் அவர் வாயிலிருந்து வருவது.

இதுவரை முப்பத்தைந்து வெடி எடுத்துவிட்டோம். சுப்பர்வைசர் கிருபா அண்ணை காணி முடிந்தது என்கிறார். நல்லது. என் முழங்காலும் முடிந்துவிட்டது.

ஓகஸ்ட் 9, புதன்

வாளிக் கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளினேன். அந்த மனுசி ஒரு வாளித் தண்ணீருக்கு மூன்று பேர் வீட்டுக் கதை சொல்லுவாள்.

கிருபா அண்ணை இன்று காணிப் படத்தை விரித்துக் காட்டினார். சுவரிலிருந்து வடக்கே போக ஐந்து வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் கிழக்கே போக ஏழு வெடி. ஐந்தேழு முப்பத்தைந்து. "ஒண்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. இப்பிடி ஒரு காணி எனக்கு வாய்ச்சதே இல்லை" என்று பூரித்துப் போனார். பாவம், இந்த ஒரு வருசத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அதில் ஒரு சின்ன ஒட்டு வேலை இருக்கிறது. கடைசி ஐந்து வெடியையும் நாங்கள் கிழக்கே எடுக்கவில்லை. வடக்கே, வெள்ளம் அறுத்த வாய்க்கால் மணலுக்குள் கோணல்மாணலாகக் கிடந்தன. கிழக்குக் கடைசி வரியில் இருந்தவைதான் வெள்ளத்தில் அள்ளுப்பட்டு வடக்கே வந்தன என்று அண்ணை படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார். வெள்ளம் செய்யாத வேலையா? போன மாரிக்கு எங்கள் கோழிக்கூட்டையே கொண்டுபோனது.

ஓகஸ்ட் 12, சனி

மகள் டிலாவுக்குக் கணக்கு வீட்டுப்பாடம். சதுர எண்களை ஏதாவது பொருளால் அடுக்கி, கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று எழுதிவர வேண்டுமாம். எங்கள் காலத்தில் வாய்ப்பாடு பாடமாக்கினோம், பிழைத்தால் பிரம்பு. இப்போது அடுக்கி விளையாடுகிறார்கள். அவள் சோடாப் போத்தல் மூடி ஒரு பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள், கலர் கலராக. அவ்வளவையும் குசினி வாசலில் பரப்பிவிட்டாள். மீன் சட்டியோடு நான் எந்தப் பக்கத்தால் போவது?

"எடுத்து வையடி இதை. ஆரும் மிதிக்கப் போறம்" என்று கத்தினேன்.

"பொறுங்கோம்மா, ஒண்டு கண்டுபிடிச்சிட்டன். நில்லுங்கோ. ஒரு நிமிசம்."

மூலையில் ஒரு வெள்ளை மூடி. அதன் மேற்பக்கமும் வலப்பக்கமும் சுற்றி வளைத்து மூன்று சிவப்பு. நாலாகிவிட்டது, ரெண்டுக்கு ரெண்டு சதுரம். அதைச் சுற்றி வளைத்து ஐந்து பச்சை. ஒன்பது. மூன்றுக்கு மூன்று. பிறகு ஏழு மஞ்சள், பதினாறு. பிறகு ஒன்பது கறுப்பு, இருபத்தைந்து.

"ஒவ்வொரு சுற்றும் ரெண்டு ரெண்டாத்தான் கூடுது. ஏனெண்டு தெரியுமே? இந்த நுனியில ஒண்டு கூட வேணும், அந்த நுனியில ஒண்டு கூட வேணும். அவ்வளவுதான். பெருக்கவே தேவையில்லை அம்மா. ஒண்டு, மூண்டு, அஞ்சு, ஏழு எண்டு கூட்டிக்கொண்டு போனா சதுரம் தானா வருது."

"மெத்தச் சந்தோசம். இப்ப வழியை விடு."

"இன்னும் ஒரு சுற்று. பதினொண்டு நீலம். முப்பத்தாறு!"

நீல மூடிகள் மேலே ஒரு வரியாகப் போய், மூலையில் மடிந்து, வலப்பக்கத்தால் இறங்கின. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கெட்டிக்காரி என்று சொல்லி, தாண்டிப் போய் மீனை அடுப்பில் வைத்தேன்.

மீன் கருகிவிட்டது. அடுப்புக்குப் பக்கத்திலேதான் நின்றேன், எப்படிக் கருகினதென்று தெரியவில்லை.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

அடுக்கினதை எடுத்து வைக்காமலே படுத்திருக்கிறாள். காலையில் கோழி உள்ளே வந்து மூலை நீல மூடியைக் கொத்தி எங்கோ கொண்டுபோய்விட்டது. "ஐயோ என்ர முப்பத்தாறு!" என்று ஒரு ஒப்பாரி. வீடு முழுக்கத் தேடினாள், கிடைக்கவில்லை. மிச்சம் முப்பத்தைந்து. மூலை மட்டும் பொக்கை.

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மேல் வரியில் இருந்த ஐந்து நீலத்தையும் அள்ளி எடுத்து, வலப்பக்கத்தில் நிமிர்த்தி நிரலாக வைத்தாள்.

"அம்மா, இங்க பாருங்கோ! ஒண்டு துலைஞ்சாலும் பரவாயில்லை. நேர்ச் செவ்வகம் வருது. அஞ்சுக்கு ஏழு. ஒரு இடமும் ஓட்டையில்லை."

நான் அரிவாளை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். மற்றதுக்கும் செய்து பார் என்றேன். இருபத்தைந்தில் மூலையை எடுத்தாள், மேல் வரியைப் பக்கத்தில் நிமிர்த்தினாள். நாலுக்கு ஆறு. பதினாறில் எடுத்தாள். மூன்றுக்கு ஐந்து. எந்தச் சதுரத்திலும் ஒன்றைத் தூக்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அடுக்கினால், அது எப்போதும் முழுதாகத்தான் இருந்தேன் என்பது போல இருக்கிறது. குறைந்த இடம் தெரியவே தெரியாது.

நானும் மூடிகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.

முப்பத்தைந்து. ஐந்தேழு. கிழக்கே இருந்து வடக்கே வந்ததாக அண்ணை அம்புக்குறி போட்ட ஐந்து. அவர் செய்ததும் இதே திருப்பி அடுக்குதல்தான். வெள்ளம் அந்த ஐந்தையும் எங்கேயும் கொண்டுவரவில்லை. அவை வடக்கேதான் புதைக்கப்பட்டவை.

டிலாவின் மூடிகளை நானே எடுத்து அடுக்கினேன். மழை ஈரம் படாமல் பெரும்பாலான வெடிகளை ஏதோ ஒன்றில் பொதிந்துதான் புதைத்திருந்தார்கள். படத்தில் எது எதில் சுற்றியிருந்தது என்று போடுவதில்லை, ஆனால் என் கையால் பிரித்தவை எனக்கு மறக்குமா? சுவர் மூலையில் ஒன்று, அதைச் சுற்றி மூன்று, இந்த நாலும் வெறுமனே. அடுத்த ஐந்து கறுப்புப் பொலித்தீன். அடுத்த ஏழு உரப்பை. அடுத்த ஒன்பது மாப்பை. ஒவ்வொரு முறை பயம் கூடும்போதும் கையில் கிடைத்த பையோடு வந்து, வடக்கையும் கிழக்கையும் சேர்த்து ஒரு சுற்று வளைத்திருக்கிறார்கள். கடைசிச் சுற்று நீலத் தறப்பாள், கூடாரத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் சீலை. கிழக்கே ஐந்து எடுத்தோம். வடக்கே வாய்க்காலுக்குள் ஐந்து எடுத்தோம். பத்து.

பதினொன்று இருக்க வேண்டும்.

டிலா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் பிழையாச் செய்தனானே?" என்று கேட்டாள். "இல்லை ராசாத்தி, சரியாத்தான் செய்தனி" என்றேன். கோழியைக் கூட்டில் அடைத்தேன்.

ஓகஸ்ட் 14, திங்கள்

வாகனத்திலேயே றெஜினாவிடம் கேட்டேன். அவள் என் பக்கத்துக் கயிற்று வரியில் வேலை செய்கிறவள், முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, சுனாமிக்கும் தப்பினவள், சண்டைக்கும் தப்பினவள். வாய்க்காலில் அவள் எடுத்த வெடிகள் எதில் சுற்றியிருந்தன? "நீலத் தறப்பாள். ஏன்?" என்றாள். சொன்னேன். சிலுவை போட்டாள்.

கிருபா அண்ணையிடம் போய் மண்ணில் சிறு கல் வைத்து அடுக்கிக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"ஆரின்ர கண்டுபிடிப்பு இது?"

"மகளின்ர வீட்டுப்பாடம் அண்ணை."

"சுகிர்தா, உன்ர மகளின்ர வீட்டுப்பாடத்தைப் பார்த்து நான் றிப்போட்டை மாத்துறதோ? ஐஞ்சேழு முப்பத்தைஞ்சு. எல்லாம் சரியா வந்திருக்கு. எங்க குறையுது?"

"ஒண்டு குறைஞ்சாலும் சரியாத்தான் அண்ணை வரும். அதுதான் என்ர பயமே."

"பயிற்சியில என்ன படிச்சனி? வெடி நேர் வரிசையிலதான் புதைக்கிறது."

"படிச்சனான். ஆனா நாலு முறை வளைச்சுப் புதைச்சவன் ஐஞ்சாம் முறை மட்டும் ஏன் நேராப் போறான்? அவனும் என்ன, பயிற்சிப் புத்தகம் பார்த்தோ புதைச்சவன்?"

றெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணைக்கு வரவில்லை. றிப்போட் கொழும்புக்குப் போய்விட்டது, இருபத்தைந்தாம் திகதி கையளிப்பு, பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றார். நான் சொல்கிற வடகிழக்கு மூலை அவர் போட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே இருக்கிறது. அந்த ஒரு மீற்றரையும் சேர்த்தால் எல்லாவற்றையும் புதிதாக எழுதி, மேலே போன படத்தைத் திருப்பி எடுக்க வேண்டும்.

"வெளியில எண்டா நாகேஸ்வரி அக்கா அங்க கால் வைக்க மாட்டாவோ?" என்று கேட்டேன். "போய் வேலையைப் பார்" என்றார்.

ஓகஸ்ட் 16, புதன்

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. இறங்கினவுடன் நாகேஸ்வரி அக்கா வழிமறித்துவிட்டார்.

"எடியே, நீதானோ என்ர காணியைக் குடுக்க வேண்டாம் எண்டனி?"

"அப்பிடிச் சொல்லேல்லை அக்கா. ஒரு மூலை பார்க்க வேணும் எண்டுதான் சொன்னனான்."

"மூலை மூலையா எத்தினை வரியம் பார்ப்பியள்? சுப்பர்வைசர் முடிஞ்சுது எண்டுறார், நீ ஆர் பெரிய கொம்பு? என்ர பிள்ளை வந்து, அம்மா எங்கட வீடு எங்க எண்டு கேட்டா, இந்தத் தகரத்துக்குள்ள குனிஞ்சு வா ராசா எண்டோ சொல்லுறது?"

எனக்கும் வாய் சும்மா இருக்காது. "எட்டு வரியமா வராதவர் அக்கா. இன்னும் ரெண்டு கிழமை பொறுப்பார்" என்று சொல்லிவிட்டேன்.

நாகேஸ்வரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்ர மனுசனும்தான் வரேல்லை. உனக்குத் தெரியாதோ?"

பகல் முழுக்கக் கட்டைகளுக்குச் சிவப்புப் பூச்சு அடிக்கிற வேலை கேட்டு வாங்கிச் செய்தேன். கையில் பட்டது மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

அவர் வரவில்லைதான். அதில் என்ன இருக்கிறது? ஊரில் பாதி வீட்டில் வரவில்லை.

ஓகஸ்ட் 18, வெள்ளி

இன்று ஒன்றுமில்லை. முருங்கைக்காய்க் கறி. உப்புக் கூடிவிட்டது.

ஓகஸ்ட் 21, திங்கள்

காணி கையளிக்கிற அன்றைக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. அங்கி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, நாங்கள் எல்லோரும் கைகோத்து ஒரு வரியாக அந்தக் காணியில் நடந்து காட்ட வேண்டும். சொந்தக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் முதல் நடந்தால்தான் அவர்களுக்குக் கால் வரும். எத்தனை சீல் குத்திக் கொடுத்தாலும் அதுதான் உண்மையான கையெழுத்து. பெரிய ஆட்கள் வருவதால் இன்று அதற்கு ஒத்திகை.

எல்லோரும் செருப்பையும் கழற்றினார்கள். நான் கழற்றவில்லை.

"நான் நடக்க மாட்டன் அண்ணை."

"விசர்க் கதை கதையாதை, வந்து நில்."

"கோட்டுக்குள்ள எங்க வேணுமெண்டாலும் நடக்கிறன். ஆனா அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டு நிக்கிறா. நாங்கள் நடந்து காட்டினா முழுக் காணியும் சுகம் எண்டு நினைப்பா. அந்த மூலையில நான் நிக்க மாட்டன். நீங்கள் போய் நில்லுங்கோ, பிறகு நான் உங்களுக்குப் பின்னால நடக்கிறன்."

கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பார் இப்ப" என்று விறுவிறு என்று வாய்க்காலைத் தாண்டி, எல்லைக் கயிற்றைத் தூக்கிக் குனிந்து போனார். மூலைக்கு இரண்டு அடி கிடக்க நின்றார். வலது காலைத் தூக்கினார்.

தூக்கின கால் தூக்கினபடி நின்றது. வெறும் மணல்தான், காய்ந்த புல்லு நாலு. சொன்னதை விழுங்க முடியாதா என்று இருந்தது. "அண்ணை வேண்டாம்! வந்திடுங்கோ!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவர் காலைப் பின்னுக்கு வைத்தார். வந்த அடியிலேயே அடி வைத்துத் திரும்பி வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. யாருடைய முகத்தையும் பார்க்காமல், "நாளைக்கு வெட்டிப் பாருங்கோ. நீயும் றெஜினாவும்" என்றார்.

அந்தப் பக்கத்தில் நாகேஸ்வரி அக்கா கைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னொரு நாள் போய்விட்டது.

ஓகஸ்ட் 22, செவ்வாய்

மூலையிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளித் தொடங்கி, அங்குலம் அங்குலமாக உள்ளே போனோம். அரை மணித்தியாலம் நான், அரை மணித்தியாலம் அவள். வெள்ளம் கொண்டுவந்து கொட்டின மணல் முழங்கால் ஆழத்துக்கு மேல். உலோகம் தேடுகிற டிற்றெக்டர் மூச்சே விடவில்லை. மத்தியானம் ஆகும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோழி கொத்தின மூடியை நம்பி இத்தனை பேரை வெயிலில் காய விட்டேனோ என்று.

இரண்டு மணிக்கு நீலம் தெரிந்தது.

தூரிகையால் தட்டித் தட்டிப் பார்த்தேன். நீலத் தறப்பாளில் ஒரு துண்டு, ஓரம் உருகிச் சுருண்டிருந்தது. பிறகு இன்னொரு துண்டு. பிறகு வெடியின் பிளாஸ்டிக் மூடி, பாதி. அதற்குக் கீழே மண் கறுத்துக் குழிந்திருந்தது.

முப்பத்தாறாவது அங்கேதான் இருந்திருக்கிறது. எப்போதோ வெடித்துவிட்டது.

கிருபா அண்ணை வந்து பார்த்தார். பிறகு என் தோளில் தட்டி, "உன்ர மகளுக்கு நான் ஒரு சைக்கிள் வேண்டிக் குடுக்க வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனி ஒருவரும் சாக வேண்டியதில்லை, பதினொன்றும் முடிந்தது, கணக்குச் சரி. பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

றெஜினாதான் மெதுவாகக் கேட்டாள். "வெடிச்சதெண்டா ஆரோ மிதிச்சிருக்க வேணுமெல்லோ?"

மாடாக இருக்கும் என்றார் அண்ணை. அந்த நேரம் கட்டாக்காலி மாடுகள் எத்தனை திரிந்தன.

மாடாகத்தான் இருக்கும்.

ஓகஸ்ட் 23, புதன்

மாடில்லை.

குழியிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, மணலுக்குக் கீழே. முதலில் ஒரு றப்பர்ச் செருப்பு, வலது கால். பிறகு எலும்பு. றெஜினா ஜெபம் சொல்லத் தொடங்கினாள், நான் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினேன். மனித எலும்பு கண்டால் அதற்கு மேல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக்கூடாது. பொலிசுக்குச் சொல்லி, நீதவான் வந்து பார்க்கும்வரை காணி மூடல். கிருபா அண்ணை போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

பொலிஸ் வருமட்டும் நான்தான் காவலுக்கு இருந்தேன். செருப்பைத் தொடவில்லை. பக்கத்தில் கையை விரித்து வைத்து ஒரு சாண் பார்த்தேன், றிப்போட்டில் அளவு கேட்பார்கள் என்று. சின்னது. ஏழாம் நம்பர், மிஞ்சிப் போனால் எட்டு. டிலாவின் அப்பாவுக்கு ஒன்பது.

நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியோடு நிமிர்ந்து பார்த்தால், மஞ்சள் நாடாவுக்கு அப்பால் நாகேஸ்வரி அக்கா நிற்கிறார். நான் சாண் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். திரும்பிக் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

றிப்போட்டில் அளவு எழுத இடமே இல்லை.

ஓகஸ்ட் 29, செவ்வாய்

டிலாவுக்குக் கணக்கில் மிக நன்று. ஒன்று துலைந்தாலும் செவ்வகம் வரும் என்பதையும் எழுதினாளாம், ரீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினாவாம். "எல்லாரும் கை தட்டினவை அம்மா." நல்லது என்றேன். கட்டிப் பிடித்துக் கொஞ்சினேன். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இருக்கவில்லை.

எங்களை வேறு காணிக்குப் போட்டிருக்கிறார்கள். கொட்டில் கதவு இன்னும் திறக்கவில்லை என்று றெஜினா சொன்னாள். சாப்பாடு கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருகிறாளாம்.

செப்ரெம்பர் 5, செவ்வாய்

இன்று நீதவான் வந்தார். சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ், கமராவோடு ஒரு பையன். கண்டெடுத்தவர்கள் என்று என்னையும் றெஜினாவையும் கூப்பிட்டிருந்தார்கள். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைச் சீலையில் மனித வடிவாக அடுக்கினார்கள். பெரிய ஆளில்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆண், வயது பதினாறுக்கும் இருபதுக்கும் இடையில் என்று எழுதினார்கள். மிச்சத்தைக் கொழும்பில் சோதித்துத்தான் சொல்ல முடியுமாம், மாதக் கணக்கில் ஆகுமாம்.

நாகேஸ்வரி அக்கா தானாகவே வந்தார். தலை வாரி இழுத்து, துவைத்த சேலை கட்டி வந்திருந்தார். செருப்பைப் பையில் போட்டுக் காட்டினார்கள். வார் அறுந்த இடத்தில் சிவப்பு வயர் துண்டால் முறுக்கியிருந்தது. மணல் கழுவின பிறகுதான் அது எங்களுக்கும் தெரிந்தது.

"வயர் போட்டுக் கட்டினது நான்தான்" என்றார். "புதுசு வேண்டித் தாங்கோ எண்டு நிண்டவன். பிறகு பாப்பம் எண்டனான்."

பொலிஸ்காரர் எழுதிக்கொண்டார். அக்கா அழவில்லை. சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீதானே மூலையில ஒண்டு இருக்கெண்டு சொன்னனி?"

"ஓம் அக்கா."

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்டு சொல்லு எனக்கு. அவன் போய்க்கொண்டிருந்தவனோ, வந்துகொண்டிருந்தவனோ?"

எனக்கு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. ஆனால் அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மிச்சம் முப்பத்தைந்தும் வெடிக்காமல் கிடந்தவை, எல்லாம் எங்கள் கையால் எடுத்தவை.

"வீட்டுப் பக்கமிருந்து வெளிக்கிட்டிருந்தா, உள்ளுக்க இருந்த சுற்றுகளில ஒண்டில கால் பட்டிருக்கும் அக்கா. தம்பி மிதிச்சது ஆக வெளியில இருந்த சுற்று. அதிலயும் தூர மூலை. வெளியில இருந்துதான் வந்திருக்கிறார். வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்."

உள்ளிருந்து போகிறவன் இடைவெளிகளுக்குள் கால் வைத்துத் தப்பிப் போயிருக்கவும் கூடும். அதை நான் சொல்லவில்லை.

"அப்ப தப்பி வந்திருக்கிறான்" என்றார். "விட்டுட்டு ஓடி வந்திருக்கிறான். நாங்கள் இங்க இல்லை எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? அம்மா இருப்பா எண்டு வந்திருப்பான்."

"ஓம் அக்கா."

அவர் திரும்பித் தன் கொட்டிலைப் பார்த்தார். இங்கிருந்து பார்த்தால் அதன் பின்பக்கம்தான் தெரிகிறது, துருப்பிடித்த தகரம், யன்னல் ஒன்றும் இல்லை.

"வாசலை நான் வேணுமெண்டுதான் றோட்டுப் பக்கம் வச்சனான். பஸ்ஸால வந்து இறங்குவான் எண்டு. ஐஞ்சு வரியம் பிள்ளை, ஒரு பஸ் விடாமல் பார்த்தனான். அவன் எனக்குப் பின்னால எல்லோ கிடந்திருக்கிறான்."

நான்தான் அழுதேன். நின்ற இடத்திலேயே, அத்தனை பேருக்கு முன்னால், அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டார்.